பயன்படுத்தாத மின்சாரத்துக்குப் பணம்: ஊக்கத்தொகைத் திட்டங்கள் இயங்கும் விதம்

மின்சாரத்தைப் பயன்படுத்தினால் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால், ஒரு வீடு தன் வழக்கமான பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டால், அந்தக் குறைவுக்காக மின் நிறுவனமே அந்த வீட்டுக்கு ஒரு தொகையைத் தரும், அல்லது அடுத்த கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் என்று சொன்னால், தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபி கட்டணம் கட்டிப் பழகிய ஒருவர் அதை எளிதில் நம்பமாட்டார். அமெரிக்கா, பிரிட்டன், தென் கொரியா போன்ற நாடுகளில் இத்தகைய திட்டங்கள் நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவை எப்படி இயங்குகின்றன, பணம் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் தடுமாறுகின்றன, நம் மாவட்டங்களின் வீடுகளுக்கு அவற்றால் என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. அது மானியம். குறைத்தவர், கூட்டியவர் என்ற பாகுபாடு அதில் இல்லை. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைப்பதற்கு 2024இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அதிகபட்சமாக 78,000 ரூபாய் தருகிறது. அது ஒரு கருவியை வாங்குவதற்கான உதவி. நாம் பேசப்போவது இவ்விரண்டையும் சாராதது. ஒரு வீடு குறிப்பிட்ட காலத்தில் எவ்வளவு மின்சாரத்தைப் பயன்படுத்தாமல் விட்டது என்பதை அளந்து, அந்த அளவுக்கு ஏற்பத் தரப்படும் ஊக்கத்தொகையே இங்குப் பொருள்.

விற்பவர் ஏன் பணம் தர வேண்டும்?

மின்சாரத்தை விற்று வாழும் நிறுவனம், வாங்காதே என்று சொல்லிப் பணம் தருவது முதல் பார்வைக்கு முரணாகத் தெரியும். மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைப்பது இன்றும் செலவு மிகுந்த வேலை என்பதிலிருந்து இதன் விடை தொடங்குகிறது. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு தேவைப்படுகிறதோ அவ்வளவை அதே நொடியில் உற்பத்தி செய்தாக வேண்டும். நள்ளிரவில் தேவை குறைகிறது. நண்பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. மாலை ஆறு மணிக்குமேல் சூரிய மின்சாரம் அறவே நின்றுபோகும் வேளையில்தான் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒருசேர ஓடத் தொடங்குகின்றன. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட் என்னும் அளவைத் தொட்டது. அத்தகைய உச்சம் ஆண்டின் சில நாட்களில், சில மணி நேரங்களில் மட்டுமே வருகிறது. ஆனாலும் அந்தச் சில மணி நேரத்துக்காகவே மின் நிலையங்களும் கம்பிகளும் துணைமின் நிலையங்களும் ஆண்டு முழுவதும் தயாராக நிற்க வேண்டியிருக்கிறது.

கல்யாணப் பந்தியில் இலை போதாதபோது, உள்ளூர்க்காரர்கள் சிலர் அடுத்த பந்திக்கு ஒதுங்கிக்கொண்டால் மண்டபத்தைப் பெரிதாக்காமலே வேலை முடிந்துவிடுகிறது. மின் நிறுவனம் வீடுகளிடம் கேட்பதும் அத்தகைய ஒதுங்கலைத்தான். அதற்கு அது விலையும் தருகிறது.

அந்த விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை எண்களில் பார்க்கலாம். சொந்த உற்பத்தியும் ஒப்பந்தக் கொள்முதலும் போதாத நேரத்தில் மின் நிறுவனங்கள் மின்சந்தையில் வாங்குகின்றன. அங்கே ஒரு யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஏப்ரலில் நிர்ணயித்தது. கோடை மாலைகளில் விலை அந்த வரம்பை எட்டுவது உண்டு. பத்து ரூபாய்க்கு வாங்கிய யூனிட்டை நான்கரை ரூபாய் விகிதத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குக் கொடுத்தால், நிறுவனத்துக்கு ஐந்தரை ரூபாய் இழப்பு. வழியில் கம்பிகளில் வீணாகும் பகுதியையும் சேர்த்தால் இழப்பு இன்னும் கூடும். ஆகவே அந்த நேரத்தில் அந்த யூனிட்டைப் பயன்படுத்தாமல் விடும் வீட்டுக்கு மூன்று ரூபாய் கொடுத்தாலும் நிறுவனத்துக்கு இலாபமே. இங்கே தரும குணத்துக்கு வேலையில்லை. அதே யூனிட்டை நண்பகலிலோ, ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுழலும் நள்ளிரவிலோ மிச்சப்படுத்தினால் நிறுவனத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது; அதற்காகப் பணம் தர அது முன்வராது.

கிராமப்புறத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை போன்ற வட்டங்களில் நீண்ட தாழ்வழுத்தக் கம்பிகளின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு மாலையில் வோல்டேஜ் குறைந்து மின்விசிறி மெதுவாகச் சுழல்வது புதிதன்று. ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது இயற்பியல் விதி. எனவே மாலை நேரச் சுமையைக் கொஞ்சம் குறைத்தாலும் இழப்பு அதைவிட அதிக விகிதத்தில் குறைகிறது. ஊர் டிரான்ஸ்பார்மரை இன்னும் பெரியதாக மாற்றும் செலவும் சில ஆண்டுகள் தள்ளிப்போகிறது.

ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு இந்தக் கணக்கு நெடுநாள் பழக்கம். உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகள் காலையிலும் மாலையிலும் உள்ள உச்ச நேரங்களில் பயன்படுத்தும் மின்சாரத்துக்கு 25 விழுக்காடு கூடுதலாகச் செலுத்துகின்றன. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பயன்படுத்துவதற்கு 5 விழுக்காடு கழிவு பெறுகின்றன. தண்டனை பெரிதாகவும் பரிசு சிறிதாகவும் இருப்பதைக் கவனிக்கலாம். வீடுகளிடம் இந்த முறையைக் கொண்டுவருவது அரசியல் வழியாகக் கடினம் என்பதால்தான், பல நாடுகள் கூடுதல் கட்டணத்தைத் தவிர்த்து ஊக்கத்தொகையைத் தேர்ந்தெடுத்தன என்பது என் எண்ணம்.

மொத்தத்தில் குறைப்பதும் நேரத்தில் குறைப்பதும்

இத்திட்டங்களைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். முதல் வகை, ஒரு மாதம் அல்லது ஒரு பருவம் முழுவதற்குமான மொத்தப் பயன்பாட்டைப் பார்க்கிறது. 2001இல் கலிபோர்னியாவில் கடும் மின்பற்றாக்குறை ஏற்பட்டபோது கொண்டுவரப்பட்ட திட்டம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. முந்தைய ஆண்டின் அதே கோடை மாதத்தோடு ஒப்பிட்டு 20 விழுக்காடு குறைத்த வீட்டுக்குக் கட்டணத்தில் 20 விழுக்காடு கழித்துக்கொடுத்தார்கள். எளிமையே இதன் பலம்: சாதாரண மீட்டர் போதும், விண்ணப்பம் தேவையில்லை, எண்ணும் நினைவில் நிற்கும். தென் கொரியாவின் மின் நிறுவனம் 2022இல் தொடங்கிய திட்டம் கொஞ்சம் வேறுபட்டது. அங்கே முந்தைய இரண்டு ஆண்டுகளின் அதே காலச் சராசரியைவிட மூன்று விழுக்காடாவது குறைத்தவர்களுக்கு, குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் அந்நாட்டு நாணயமான வொன்னில் 30 வீதம் தந்தார்கள். ஒன்று கட்டணத்தின் விழுக்காட்டைத் தருகிறது, மற்றது யூனிட் கணக்கில் தருகிறது. இந்த வேறுபாடு நம் ஊர் வீடுகளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னர் காண்போம்.

இரண்டாம் வகை, குறிப்பிட்ட நாளின் குறிப்பிட்ட சில மணி நேரத்தை மட்டும் பார்க்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகர மின் நிறுவனம் கடும் வெப்பம் எதிர்பார்க்கப்படும் நாட்களை முன்கூட்டியே அறிவித்து, அந்நேரத்தில் வழக்கத்தைவிடக் குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1.25 டாலர் தந்தது. பங்கேற்காதவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. வழக்கமான கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். பிரிட்டனில் 2022 நவம்பரில், எரிவாயு விலை உச்சத்தில் இருந்த குளிர்காலத்தில், மின்தொகுப்பை இயக்கும் அமைப்பு இதேபோன்ற சேவையைத் தொடங்கியது. மாலையில் ஓரிரு மணி நேரம் துணி துவைக்கும் இயந்திரத்தையும் மின் அடுப்பையும் தள்ளிவைக்கும்படி வீடுகளைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஒரு குளிர்காலத்தில் ஏறத்தாழ 16 இலட்சம் வீடுகளும் நிறுவனங்களும் அதில் பங்கேற்றன. அங்கே சோதனை நிகழ்வுகளுக்கு உறுதியளிக்கப்பட்ட விலை யூனிட்டுக்கு 3 பவுண்டு. சாதாரண நாளின் சில்லறை விலையைவிட அது பல மடங்கு அதிகம்.

முதல் வகையில் பொருளைக் குறைவாகப் பயன்படுத்துகிறோம். இரண்டாம் வகையில் பொருளைப் பயன்படுத்தும் வேளையை மாற்றினாலே போதும். மாலை ஏழு மணிக்கு ஓடும் தண்ணீர் மோட்டாரைக் காலை பதினொரு மணிக்கு ஓட்டினால் முதல் வகைத் திட்டத்தில் ஒரு பைசாவும் கிடைக்காது, ஏனெனில் மொத்த யூனிட் மாறவில்லை. இரண்டாம் வகையில் அதுவே முழுப் பயனையும் தரும். தொடக்கத்தில் இதைப் படிக்கும் பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

எதனோடு ஒப்பிட்டுக் குறைவு?

இத்திட்டங்களின் உயிர்நாடி இந்தக் கேள்வியில் இருக்கிறது. பயன்படுத்திய மின்சாரத்தை மீட்டர் காட்டும். பயன்படுத்தாமல் விட்ட மின்சாரத்தைக் காட்டும் மீட்டர் உலகில் எங்கும் இல்லை. எனவே, ஊக்கத்தொகை இல்லாதிருந்தால் அந்த வீடு எவ்வளவு பயன்படுத்தியிருக்கும் என்று ஓர் எண்ணை ஊகித்து, உண்மையான பயன்பாட்டை அதிலிருந்து கழித்துத்தான் குறைவைக் கண்டுபிடிக்க முடியும். ஊகித்த அந்த எண்ணை அடிப்படை அளவு என்று அழைப்போம். கலிபோர்னியாவில் முந்தைய ஆண்டின் அதே மாதம் அடிப்படை அளவாக இருந்தது. பிரிட்டனில் வேலை நாளுக்கு, அதற்கு முந்தைய பத்து வேலை நாட்களின் அதே நேரப் பயன்பாட்டுச் சராசரியிலிருந்து கணக்கிட்டார்கள். அடிப்படை அளவு சரியாக இருந்தால் திட்டம் நேர்மையாக இயங்கும். அது பிசகினால், ஒன்றும் செய்யாதவருக்குப் பணம் போகும், உழைத்துக் குறைத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இதை நம் மாவட்டங்களில் பொருத்திப் பார்த்தால் சிக்கலின் ஆழம் விளங்கும். அரூர், பென்னாகரம் பக்கத்துக் குடும்பங்கள் பல, கட்டட வேலைக்காகப் பெங்களூருவுக்கோ பனியன் வேலைக்காகத் திருப்பூருக்கோ சென்று மாதக்கணக்கில் தங்குகின்றன. பூட்டிய வீட்டின் மீட்டர் ஓடாது. போன ஆண்டு அதே மாதத்தில் வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள், இந்த ஆண்டு ஒருவரும் இல்லை என்றால், எந்தச் சிக்கனமும் செய்யாத அந்தக் குடும்பம் கலிபோர்னியா முறையில் முழு ஊக்கத்தொகையும் பெற்றுவிடும். மறுபுறம், அந்தக் குடும்பம் ஊர் திரும்பிய ஆண்டில் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், பூட்டிக் கிடந்த முந்தைய ஆண்டோடு ஒப்பிடும்போது அதற்கு ஒன்றும் கிடைக்காது. புதிதாக மருமகள் வந்த வீடு, குழந்தை பிறந்த வீடு, முதியவருக்காகப் படுக்கையறையில் ஏசி பொருத்திய வீடு ஆகிய யாவும் இவ்வாறே தோற்றுப்போகும்.

வானிலையும் இதே போன்ற விளையாட்டை ஆடுகிறது. முந்தைய சித்திரை சுட்டெரித்து, இந்தச் சித்திரையில் இரண்டு கோடை மழை பெய்துவிட்டால், மின்விசிறியும் ஏசியும் தானாகவே குறைவாக ஓடும். பணம் மழைக்குப் போக வேண்டியது, வீட்டுக்காரருக்குப் போகும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி அதில் ஏறக்குறைய பாதி உயரத்தில்தான் இருக்கிறது. ஓசூரில் மார்கழியில் வெந்நீருக்காக மின்சாரம் கூடுகிறது, தருமபுரியில் சித்திரையில் காற்றுக்காகக் கூடுகிறது. கோடையில் 20 விழுக்காடு குறை என்று இரு ஊர்களுக்கும் ஒரே விதியை விதித்தால், கோடையில் ஏசியைக் குறைக்கும் வாய்ப்புள்ள தருமபுரி வீடும், குறைப்பதற்குக் கோடைச் சுமையே பெரிதாக இல்லாத ஓசூர் வீடும் ஒரே தராசில் நிறுக்கப்படும். கலிபோர்னியாவில் 2005இல் இத்திட்டத்தை மீண்டும் நடத்தியபோது இது நேராகவே தெரிந்தது: வெப்பம் மிகுந்த உள்நாட்டுப் பகுதிகளில் பயன்பாடு உண்மையாகக் குறைந்தது, குளிர்ந்த கடலோரப் பகுதிகளில் திட்டத்தால் விளைந்த குறைவு ஏறக்குறைய இல்லை, ஆனால் அங்கும் பலருக்கு ஊக்கத்தொகை போய்ச் சேர்ந்தது.

அடிப்படை அளவை வேண்டுமென்றே உயர்த்திக் காட்டும் ஆசையும் இதில் பிறக்கிறது. ஒப்பிடப்படும் நாட்கள் எவை என்று முன்பே தெரிந்தால், அந்நாட்களில் விளக்கையும் மோட்டாரையும் வீணாக ஓட்டிவிட்டுப் பின்னர் நிறுத்திக் குறைத்துவிட்டேன் என்று சொல்லலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு காகித ஆலை 2007இல், அடிப்படை அளவு கணக்கிடப்பட்ட நாட்களில் தன் சொந்த மின்னாக்கியின் உற்பத்தியைக் குறைத்து, வெளியிலிருந்து அதிக மின்சாரம் வாங்குவதுபோல் காட்டியது என்று அந்நாட்டின் ஒழுங்குமுறை ஆணையம் குற்றம் சாட்டியது. 2013இல் அந்த ஆலை ஒரு கோடி டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது. ஒரு வீடு இந்த அளவுக்குப் போகாது என்றாலும், பரிசு பெரிதாகும்போது உள்நோக்கமும் பெரிதாகும் என்பதைத் திட்டம் வகுப்போர் மறந்துவிடக் கூடாது.

இதில் எனக்கு மிகவும் அநியாயமாகத் தோன்றுவது வேறொன்று. நெடுங்காலமாகவே சிக்கனமாக இருக்கும் வீட்டுக்குக் குறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு, ஒரு தொலைக்காட்சி மட்டுமே உள்ள பாலக்கோட்டு வீடு 20 விழுக்காடு குறைப்பதற்கு எதை நிறுத்தும்? நேற்றுவரை தாராளமாகச் செலவழித்த வீடோ இரண்டு ஏசியில் ஒன்றை நிறுத்திவிட்டு எளிதாகப் பரிசு வாங்கிவிடும். தன் பழைய பயன்பாட்டோடு மட்டும் ஒப்பிடும் எந்தத் திட்டமும் இந்தக் குறையிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது.

நம் கட்டண விகிதத்துக்குள்ளேயே இருக்கும் பரிசு

வெளிநாட்டுத் திட்டங்களைப் பார்த்து ஏங்குவதற்கு முன்னால், தமிழ்நாட்டின் வீட்டுக் கட்டண விகிதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். குறைப்பவருக்குப் பரிசளிக்கும் தன்மை அதற்குள்ளேயே அமைந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த விகிதங்களை எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறேன். அதன்பின் 2024 ஜூலை 1 முதல் கட்டணம் 4.83 விழுக்காடு உயர்த்தப்பட்டதால் ரூபாய் மாறும், ஆனால் கணக்கிடும் முறை விளங்குவதற்கு இந்த எண்களே வசதியானவை.

இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். பயன்பாடு 500ஐத் தாண்டிவிட்டால் 2.25 என்ற சலுகை விகிதமே மறைந்து, 101 முதல் 400 வரை அனைத்துக்கும் 4.50 ஆகிறது, 401 முதல் 500 வரை அதே 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய், 601 முதல் 800 வரை 9 ரூபாய் என்று மேலே ஏறுகிறது. இதன்படி சரியாக 500 யூனிட் பயன்படுத்தும் வீடு 1,725 ரூபாய் கட்டும். 501 யூனிட் பயன்படுத்தும் வீடு 1,958 ரூபாய் கட்டும். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

520 யூனிட் ஓடும் வீட்டுக்குக் கட்டணம் 2,110 ரூபாய். அது 20 யூனிட் குறைத்து 500இல் நின்றால் 385 ரூபாய் மிஞ்சுகிறது, அதாவது யூனிட்டுக்கு 19 ரூபாய்க்கும் மேல். மேலும் 20 யூனிட் குறைத்து 480க்கு வந்தால் கூடுதலாக மிஞ்சுவது 120 ரூபாய் மட்டுமே. ஆகவே எவ்வளவு குறைக்கிறோம் என்பதைப் போலவே எந்த இடத்திலிருந்து குறைக்கிறோம் என்பதும் முக்கியம். 500ஐ ஒட்டி நிற்கும் வீடுகள், எந்த அறிவிப்புக்கும் காத்திராமல், மீட்டரை வாரம் ஒருமுறை பார்த்து வந்தாலே நல்ல ஊக்கத்தொகைக்கு ஈடான தொகையைப் பெற்றுவிடும்.

இப்போது கலிபோர்னியா விதியை நம் விகிதத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். 600 யூனிட் ஓடும் வீட்டின் கட்டணம் 2,750 ரூபாய். அது 20 விழுக்காடு குறைத்து 480 யூனிட்டுக்கு வந்தால் கட்டணம் 1,605 ஆகிறது. எந்தத் திட்டமும் இல்லாமலே 1,145 ரூபாய் குறைந்துவிட்டது. அந்தக் கட்டணத்தில் 20 விழுக்காட்டைக் கழித்துக்கொடுத்தால் மேலும் 321 ரூபாய் கிடைக்கும். மகிழ்ச்சிக்குரியதே, ஆனால் பெரிய பங்கு ஏற்கெனவே விகிதத்திலிருந்து வந்துவிட்டது. இதற்கு மாறாக, 120 யூனிட் ஓடும் வீடு 20 விழுக்காடு குறைத்தால் 96 யூனிட் ஆகும். கட்டணம் 45 ரூபாயிலிருந்து பூச்சியமாகிவிடும். பூச்சியத்தில் 20 விழுக்காடு பூச்சியமே. கட்டணத்தின் விழுக்காடாகத் தரும் எந்தத் திட்டமும் நம் ஊரின் சிறிய வீடுகளைத் தொடாமலேயே போய்விடும். அவ்வீடுகளுக்கும் பயன் சேர வேண்டுமானால், தென் கொரியாவைப் போல யூனிட் கணக்கில், கட்டணத்தோடு முடிச்சுப்போடாமல் தர வேண்டும்.

மீட்டரும் வீட்டுப் பொருட்களும்

நேரத்தைப் பார்க்கும் இரண்டாம் வகைத் திட்டத்துக்குச் சாதாரண மின்னணு மீட்டர் போதாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊழியர் வந்து பார்க்கும் எண்ணிலிருந்து, மொத்தம் எத்தனை யூனிட் ஓடியது என்றுதான் அறியலாம். அது மாலை ஏழு மணிக்கு ஓடியதா, விடியற்காலையில் ஓடியதா என்று அறிய முடியாது. கால்மணி அல்லது அரைமணி நேர இடைவெளியில் பயன்பாட்டைப் பதிந்து தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் இதற்குத் தேவை. மத்திய அரசு 2023 ஜூனில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியபோது, வேளாண்மை நீங்கலான சிறு நுகர்வோருக்கும் 2025 ஏப்ரல் 1 முதல் நேரவாரிக் கட்டணம் என்று குறிப்பிட்டது. சூரிய ஒளி நேரத்தில் 10 முதல் 20 விழுக்காடு வரை குறைவாகவும், உச்ச நேரத்தில் அதே அளவு கூடுதலாகவும் கட்டணம் அமையும் என்றும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட பிறகே அது பொருந்தும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. மாநில அளவில் கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

வீட்டில் எதைக் குறைக்கலாம் என்பதற்கு வாட் கணக்கே வழிகாட்டி. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய 75 வாட் மின்விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாட்களில் 54 யூனிட் ஆகிறது. பிஎல்டிசி என்னும் புதுவகை மோட்டார் கொண்ட, 30 வாட் அளவில் ஓடும் மின்விசிறி அதே வேலையை ஏறத்தாழ 22 யூனிட்டில் முடிக்கிறது. மூன்று மின்விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டுக்கு நெருக்கமாக மிஞ்சும். வசதியில் எதையும் இழக்காமல் கிடைக்கும் குறைவு இது, மற்ற எதையும்விட முதலில் செய்யத்தக்கது. ஓசூர்க் குளிரில் 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் 60 நாட்களில் 120 யூனிட். கூரையில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்த வீடு அதன் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடுகிறது. ஏசியின் வெப்பநிலையை 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல் மின்விசிறியோடு சேர்த்து ஓட்டுவதும் பலனளிக்கும். இந்தியாவில் 2020 முதல் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படியே தயாரிக்கப்படுகின்றன. தொலைபேசி சார்ஜரைப் பிடுங்கி வைப்பது போன்றவற்றைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். கணக்கிட்டால் அது யூனிட்டில் தெரியாத அளவு.

நேரத்தை மாற்றுவதற்கு ஏற்றவை மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின், இஸ்திரிப்பெட்டி ஆகியவை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் இழப்புகளையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுக்கும். மேல்நிலைத் தொட்டி இருக்கும் வீடு அதை எந்த நேரத்திலும் நிரப்பிக்கொள்ளலாம். தொட்டி இல்லாமல், குழாயில் தண்ணீர் வரும் வேளையில் பிடித்தாக வேண்டிய வீட்டுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியை நேரம் மாற்றி ஓட்ட முடியாது. சமையலை ஓரளவுக்குமேல் தள்ளிப்போட முடியாது. மாலை வேளையில் ஒதுங்கிக்கொள்ளும் வசதி வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது என்பதால், தானாக முன்வருபவருக்கு மட்டும் பரிசும், மற்றவருக்குத் தண்டனையின்மையும் என்ற பால்டிமோர் முறையே நம் சூழலுக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன்.

இத்தகைய திட்டம் எதுவாயினும் நம் பகுதிக்கு அறிவிக்கப்பட்டால், முதலில் கேட்க வேண்டியது அடிப்படை அளவு எந்த நாட்களிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதையே. வீட்டில் ஆள் எண்ணிக்கை மாறினால் என்ன செய்வார்கள், குறைக்கத் தவறினால் கூடுதல் கட்டணம் உண்டா, தொகை கையில் வருமா, அடுத்த கட்டணத்தில் கழியுமா, கட்டணமே இல்லாத வீட்டுக்கு அது எப்படிச் சேரும் என்பவை அடுத்துக் கேட்க வேண்டியவை.

வாடகை வீடுகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் ஒரே இணைப்பிலிருந்து பல வீடுகளுக்கு சப் மீட்டர் வைத்து, உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் வசூலிப்பது பரவலான வழக்கம். அங்கே குடியிருப்பவருக்கு 100 இலவச யூனிட்டும் தெரியாது, 500இன் எல்லையும் தெரியாது. எல்லாருடைய பயன்பாடும் சேர்ந்து இணைப்பை மேல்விகிதத்துக்குத் தள்ளிவிடுகிறது. அவர் மாலையில் ஏசியை நிறுத்திவைத்தாலும் ஊக்கத்தொகை இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே போகும். அத்தகைய வீட்டில் இருப்பவர் தனி இணைப்பு தரும்படி உரிமையாளரிடம் கேட்பதே முதல் வேலை. அது முடியாதபோது, ஈபி ரசீதின் நகலைப் பார்த்து அதில் வரும் உண்மையான சராசரி விலையில் பங்கிட்டுக்கொள்ளவும், ஊக்கத்தொகை ஏதும் வந்தால் அதையும் சப் மீட்டர் அளவுப்படி பிரித்துக்கொள்ளவும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.